பதினான்காம் தகவலாளி

சமயவியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாகத் தரை துடைக்கிறவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் கறாரம்மா. ஈரத் தரையில் யார் கால் வைக்க வந்தாலும், அது துறைத்தலைவராகவே இருந்தாலும், துடைப்பக் கட்டையைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிடுவாள். தரை காய்ந்த பிறகுதான் கடவுளைப் பற்றிப் பேச உள்ளே போகலாம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கருத்தரங்கு அறையின் சன்னல்களைத் துடைத்துத் துடைத்தே ஆன்மா, முக்தி, மறுமை என்று எல்லாச் சமாச்சாரமும் அவள் காதில் விழுந்திருந்தது. அத்தனையும் கேட்டு அவள் கண்டுகொண்டது ஒன்றுதான். அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஒருத்தரும் தாங்கள் குடித்த டீக் கோப்பையைக் கழுவி வைப்பதில்லை.

புருஷன் போய் ஒன்பது வருஷம். அவன் குடிகாரனில்லை, கை நீட்டியவனுமில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளாவது தானே எழுந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை. குடம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். நாற்காலிக் கையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் அடுப்படியில் நின்றாலும் சரி, காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் சரி, எழுந்து வந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவன் போன மறுவாரமே அந்த நாற்காலியைக் கேட்டவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். படம் மட்டும் அலமாரித் தட்டில் நின்றது. அதையும் எடுத்துவிட்டால் மகள் வரும்போது மூக்கைச் சிந்துவாளே என்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலக அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டைப்பிஸ்ட் ஓர் ஆய்வேட்டின் அலுவலகப் பிரதியில் பக்கங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"அக்கா, வீட்டுக்காரரை நீங்க சாமியாக்கின விஷயத்த என்கிட்ட சொல்லவே இல்லையே."

கறாரம்மா நிமிர்ந்து பார்த்தாள். டைப்பிஸ்ட் சத்தமாக வாசித்துக் காட்டினாள். 'தகவலாளி பதினான்கு. பெண். துப்புரவுப் பணியாளர். கணவரை இழந்தவர். ஒவ்வொரு காலையும் கணவரின் படத்துக்கு முன் ஒரு குவளை நீர் வைத்துக் கண்மூடி நிற்கிறார். மறைந்த கணவர் இவருக்கு வீட்டுத் தெய்வமாகிறார். இவரது பணிவிடை மரணத்துக்குப் பின்னும் தொடர்கிறது.'

"கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ வாசி."

டைப்பிஸ்ட் வாசித்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. எதிரே நின்றவளின் முகம் அப்படி இருந்தது.

நடந்தது இதுதான். போன வருஷம் துறையின் ஆய்வு மாணவி, ஒல்லியாக, எப்போதும் தோளில் பையோடு திரிகிற பெண், மூன்று நாள் காலையில் அவள் வீட்டுக்கு வந்தாள். சாதாரண ஜனங்கள் வீட்டில் எப்படி வழிபடுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. கறாரம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரை டப்பாவை, பேத்தி கை எட்டாத இடம் வேண்டுமென்று, படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். மாத்திரை பெரியது, கசப்பு. தண்ணீரை அந்த அலமாரித் தட்டில் வைத்து, கண்ணை இறுக்க மூடி, மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் வாயில் போடுவாள். வாசலில் நின்ற மாணவிக்கு அவள் முதுகும், படமும், குவளையும்தான் தெரிந்தன.

கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் படிப்பில் ஒரு சட்டம் உண்டாம். கேள்விக்குள் பதிலைத் திணிக்கக் கூடாதாம். அதனால் மாணவி தண்ணீர் என்றும் சொல்லவில்லை, படம் என்றும் சொல்லவில்லை. இதைத் தினமும் செய்வீங்களா என்று பொதுவாகக் கேட்டாள். தவறாமல் செய்வேன் என்றாள் இவள். எப்போதிலிருந்து என்றாள். அவர் போனதிலிருந்து என்றாள். விட்டால் என்ன ஆகும் என்றாள். ஆளையே சாய்த்துவிடும் என்றாள். மாணவி பயபக்தியோடு எழுதிக்கொண்டு போய்விட்டாள். அதைத் தூணாக நிறுத்தி நாலாவது அத்தியாயம் முழுவதையும் கட்டிவிட்டாள்.

டைப்பிஸ்ட் வாசித்துக் காட்டிய அன்று சாயங்காலமே கறாரம்மா நூலகத்தில் மாணவியைப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு தேர்வாளர் கைக்குப் போய்விட்டது. அது முடிந்தால்தான் ஒரு கல்லூரியில் காத்திருக்கிற வேலை கிடைக்கும். பட்டம் வாங்கியதும் புத்தகமாகப் போடும்போது மாற்றிவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

"பாப்பா, உன் வேலையக் கெடுக்கணும்னு எனக்கு ஆசையா? ஆனா அந்த ஆளு உசிரோட இருந்தவரைக்கும் நான் தண்ணி தூக்கினது போதும். செத்த பிறகும் தூக்கறேன்னு எழுதி அலமாரியில வெச்சுப் பூட்டப் பாக்கறியே, நான் போன பிறகும் அது அங்கதானே இருக்கும்?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். தன் கையில் எதுவும் இல்லை, ஆய்வு வழிகாட்டியைக் கேட்க வேண்டும் என்றாள். வழிகாட்டி வேறு யாருமில்லை, துறைத்தலைவர்தான்.

அவர் சனிக்கிழமை கறாரம்மாவை உட்காரச் சொல்லியே பேசினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பெயர் எங்கும் இல்லை, வெறும் எண்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். எனக்குத் தெரியுமே என்றாள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பக்தி என்பது பல சமயம் செய்கிறவருக்கே தெரியாமல் உள்ளே இருக்கும், படத்துக்குப் பின்னால் மாத்திரையை வைத்ததே ஓர் அர்த்தத்தோடு இருக்கலாம் என்று விளக்கினார்.

"சார், மூட்டுவலித் தைலத்தை நான் கக்கூஸ் சன்னல்ல வெச்சிருக்கேன். அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு அத்தியாயம் எழுதுவீங்களா?"

துறைத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாசம் வருகிறது, இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று மெதுவாகச் சொன்னார். மகளுக்குச் சொன்னபோது அவளும் அதையேதான் சொன்னாள், ஒரு குவளைத் தண்ணிக்கா வேலையை விடப்போறே என்று. கறாரம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டைக் கழுவினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். எத்தனையோ தேர்வுகளுக்கு நாற்காலி போட்டவளுக்கு அது தெரியாதா? கடைசியில் சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை நாற்காலிகளைப் போட்டு முடித்ததும் சீருடையின் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த மனிதர். ரொம்ப நேரம் மாணவியைக் கேள்வி கேட்டுவிட்டு, நாலாவது அத்தியாயம் ரொம்ப அபூர்வம் என்று பாராட்டினார். துறைத்தலைவர் சபையைப் பார்க்காமலே வழக்கமான கேள்வியைக் கேட்டார். கறாரம்மா எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பதினாலு நான்தான். அது சாமிக்கு வெச்ச தண்ணி இல்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு வெச்ச தண்ணி. நான் அந்த மனுஷனுக்கு எந்தப் பணிவிடையும் பண்ணல. அதை அடிச்சிடுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. மாணவியின் பக்கம் திரும்பி, இவரிடம் நேரடியாகக் கேட்டாயா என்று கேட்டார். துறைத்தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டாள்.

"கேட்கல சார். பார்த்ததுமே புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன்."

பட்டம் அன்று கிடைக்கவில்லை. அத்தியாயத்தைத் திருத்தி ஆறு மாதத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். கல்லூரி வேலை கைநழுவிப் போயிற்று. டீ யாரும் குடிக்காமல் அப்படியே இருந்தது. கறாரம்மாதான் கொட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவினாள். மாணவி அழுதுகொண்டே போனதை அவள் பார்த்தாள். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. அவள் ஒப்பந்தம் என்னவோ அந்த மாசமே புதுப்பிக்கப்பட்டது. இத்தனை பேருக்கு முன்னால் பேசிவிட்டவளை வெளியே அனுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மாணவி மறுபடியும் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கறாரம்மா அதைக் கண்டுகொள்ளாமல் பாய் விரித்தாள். எழுதியதை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வேன் என்றாள். மாணவி வாசித்தாள். 'கணவரின் படத்துக்கும் நீருக்கும் தொடர்பில்லை.' சரி. 'ஆய்வாளரின் ஊகம் தவறு.' அதுவும் சரி. 'இவருக்கு இறை நம்பிக்கை இல்லை.'

"அதை யாரு உனக்குச் சொன்னா?"

மாணவி நிமிர்ந்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை நேராகவே கேட்டாள்.

"அப்போ எதையாவது கும்பிடறீங்களாம்மா?"

"இருக்கு. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுவேன். என் புருஷனுக்கே தெரியாது. உனக்கும் சொல்லமாட்டேன்."

மாணவி எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாய் என்று இவள் கேட்டாள். 'தகவலாளி பதிலளிக்க மறுத்துவிட்டார்' என்று அவள் வாசித்தாள்.

"மறுத்துட்டார்னா ஏதோ தப்புப் பண்ணிட்டு ஒளிக்கிற மாதிரி இருக்கு. அதை அடி. இருக்குன்னு சொன்னார், என்னன்னு சொல்லலைன்னு எழுது."

மாணவி அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். கறாரம்மா தலையை ஆட்டினாள்.

"ம். அடுத்த வரி."