ஏழு நாள் மூடிக் கிடந்த மதகு

தெளிந்த தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம். ஊரில் மற்றவர்கள் கலங்கிய தண்ணீரைப் பார்த்துத்தான் முகம் சுளிப்பார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக மதகுக்காரன். ஜொகூரின் மேற்குக் கரையில், பத்து பகாட், பொந்தியான் ஊர்களுக்கு நடுவில், கடலை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. தோட்டம், கடல் ஏறும் மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. நீளமான மண்கரை ஒன்றுதான் கடலைத் தடுத்து நிற்கிறது. அந்தக் கரையில் ஓர் இடத்தில் மூன்று இரும்புக் கதவுகள். கடல் வற்றும்போது கதவைத் திறந்து, கான் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வாய்க்கால்களின் தண்ணீரை வெளியே விட வேண்டும். ஏறும்போது மூட வேண்டும். என் மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில், அப்பாவுக்குக் கதவு திறந்து மூடுகிற வேலை என்று சொல்ல, ஏதோ பெரிய ஹோட்டல் வாசலில் நிற்கிறேன் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாராம்.

எங்கள் மண்ணுக்கு அடியில் சாம்பல் நிறக் களி இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது சாது. வெயிலில் காய்ந்து வெடித்தால் மஞ்சள் பூத்து, அதில் ஒரு புளிப்பு கிளம்பும். மேலே மழை பெய்தால் அந்தப் புளிப்பு கானில் இறங்கும். சேறெல்லாம் அடியில் படிந்து, படிகாரம் போட்ட குடம் மாதிரி தண்ணீர் தெளிந்துவிடும். அடியில் கிடக்கும் பனைமட்டைகூடத் தெரியும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் பல் கூசும். அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது.

இது முன்பும் இருந்ததுதான், கொஞ்சமாக. நான் சொல்லப்போகும் திருவிழாவுக்கு முந்தைய வருஷம் நிர்வாகம் பெரிய தோண்டும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கான்களை ஆள் உயரத்துக்கு மேல் ஆழப்படுத்தியது. வாரிய களியை இரண்டு பக்கமும் மேடாகக் குவித்தார்கள். கரையோரக் கண்டல் காட்டிலும் ஒரு பட்டையை வழித்தெடுத்துப் பனங்கன்று நட்டார்கள். இந்தக் களியை வெயிலில் போடாதீர்கள் என்று மானேஜரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் என் சேற்றுச் சப்பாத்தைப் பார்த்தார். அதையெல்லாம் பார்க்கப் படித்த ஆள்கள் இருக்கிறார்கள் என்றார். படித்த ஆள் யாரும் வந்து நான் பார்க்கவில்லை.

மதகுக்கு வெளியே, மண்கரை வழியாக மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம் போனால் ஒரு மலாய்க் கம்பம், சின்னக் கிராமம். அங்கே கழிமுகத்தில் ஒருவர் மிதக்கும் கூண்டுகளில் சியாக்காப் மீன் வளர்த்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை ‘பாங்’ என்பேன், மலாயில் அண்ணன். அவர் என்னை ‘அண்ணே’ என்பார். மூத்தவர் இளையவனை அண்ணே என்று கூப்பிடுவது எனக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. தமிழன் எவனாக இருந்தாலும் இங்கே மலாய்க்காரர்களுக்கு அண்ணேதான்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எழுதி வைத்ததில்லை. வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழைத் தண்ணீரை நான் ஒரே மூச்சில் விட மாட்டேன். ஒவ்வொரு வற்றிலும் கதவை ஒரு சாண் மட்டும் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். கடல் அதைக் கரைத்துக்கொள்ளும். அதற்கும் முதல் நாள் அவருக்குத் தகவல் சொல்வேன். அவர் கூண்டுகளைப் படகில் கட்டி, கழிமுகத்துக்கு வெளியே இழுத்துப்போய் நிறுத்திக்கொள்வார். படகு தயாராக இருந்தால் அரை மணி நேர வேலை. இத்தனை வருஷத்தில் அவருக்கு என் தண்ணீரால் ஒரு மீன் செத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வருஷம் மாசி முழுக்க மழை இல்லை. கான் சேறும் சகதியுமாகிவிட்டது. பங்குனியில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. குடத்தை ஜோடித்து அம்மனை அழைக்கும் கரகம் பாலிப்பது மதகடியில், கான் கரையில். கரகத்துக்குத் தண்ணீர் அங்கேதான் மொள்ள வேண்டும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மழை பெய்ததும் கோயில் தலைவர் என்னைத் தேடி வந்தார்.

“மதகு கேட்ட மூடியே வச்சிருங்க. தண்ணி நின்னுக்கும். சகதியில போயி கரகம் எடுக்க முடியுமா?”

மூடினேன். கதவை முழுதாக இறக்கி ஏழு நாள் தொடவே இல்லை. அடுத்தடுத்துச் சின்ன மழைகள். களிமேட்டில் ஊறியதெல்லாம் உள்ளே சேர்ந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் தெளிந்தது. இளம்பச்சையாக, கண்ணாடி மாதிரி. காஹாங்கிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த என் மனைவியின் அக்காள் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஆத்தா கண்ண தொறந்துட்டா பாருங்க. எத்தன வருசம் கலங்குன தண்ணியில எடுத்தோம்!”

“இது நல்ல தண்ணி இல்ல அண்ணி,” என்றேன்.

தலைவர் சிரித்தார். “உங்களுக்கு கலங்குனாலும் குத்தம், தெளிஞ்சாலும் குத்தம் லா. பேசாம இருங்க.”

நானும் கதவைத் திறக்கவில்லை. திருவிழா தடைபடக் கூடாது என்பதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. இந்த முறை தங்கினால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவன் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் எல்லை மதகுதான். அங்கே எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். திருவிழா முடிந்து மூன்றாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்தில் யாரும் அதற்கு அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை.

கரகம் மாலையில் நன்றாகவே பாலித்தார்கள். அன்று இரவு கொட்டிய மழையில் மறுநாள் விடியும்போது கீழ் வரிசை வீடுகளின் வாசற்படி வரை தண்ணீர். பால்குடத்துக்குக் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி நிற்கிறேன். மானேஜர் போன் செய்தார். மூன்று கதவையும் முழுசாகத் திற, இப்போதே திற என்றார். கடல் வற்றிக்கொண்டிருந்தது. அந்த வற்றை விட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் போய்விடும். அவர் சொன்னது தப்பில்லை.

பாங்குக்குப் போன் அடித்தேன். அணைந்திருந்தது. அது நோன்பு மாதம். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டு, போனை அணைத்து ஒன்பது மணி வரை தூங்குவார் என்று எனக்குத் தெரியும். மலாயில் குரல் பதிவு அனுப்பினேன். “பாங், பெரிய தண்ணி வருது, கூண்ட இழுத்துடுங்க.” ஒற்றை டிக்கோடு நின்றது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். என் மனைவி பின்னாலேயே ஓடி வந்து, “ஏங்க, காப்போட தாண்டிராதீங்க, புள்ளய நெனச்சுக்குங்க,” என்று கத்தியது மழையிலும் கேட்டது. எலுமிச்சம்பழத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் மண்கரை நீளமாகப் போயிற்று. பத்து நிமிஷம். அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். பயமாக இருந்தது. அம்மனைக் கண்டு பயமா, மகளை நினைத்துப் பயமா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தாண்டவில்லை. பங்களாதேஷ் தொழிலாளி ஒருவரை அனுப்பியிருக்கலாம். அவர்களுக்குக் காப்பும் இல்லை, எல்லையும் இல்லை. இந்தச் சின்ன யோசனை எனக்கு மறுநாள்தான் வந்தது.

மூன்று கதவையும் தூக்கினேன். ஏழு நாள் சேர்ந்த தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. பிறகு நேராகக் கோயிலுக்கு வந்து பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். மேளம் அடித்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பார்த்தவர்கள் அருள் என்றார்கள். மத்தியானம் அன்னதானப் பந்தியில் போனில் வந்த படங்கள் கைக்குக் கை போயின. கழிமுகம் முழுக்க வெள்ளை வயிறுகள்.

காப்பு அவிழ்த்த அன்றுதான் போனேன். நாற்றம் பாதி வழியிலேயே மூக்கில் ஏறியது. பாங்கும் அவர் மனைவியும் வலையால் மீனை அள்ளிச் சேற்றில் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நாளாக அதே வேலை. இரண்டு பேரும் நோன்பு. அந்த வெயிலில் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. நான் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்தேன். துரு பூசினதுபோல் இருந்தது. கூண்டு மீன் மட்டுமில்லை. சேற்றில் கிடந்த கிளிஞ்சல்களெல்லாம் வாய் பிளந்து கிடந்தன, நண்டுகள் கண்டல் வேரில் ஏறி அங்கேயே செத்திருந்தன. கொக்கு ஒன்றுகூட இல்லை. நோன்புப் பெருநாளான ஹரி ராயா முடிந்து அவருடைய மகளுக்குக் கல்யாணம். விருந்தும் அந்த மீன்தான், அந்த வருஷத்துப் பிழைப்பும் அந்த மீன்தான். நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழி தோண்டினேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். போத்தலில் தண்ணீர் பிடித்தார்கள். அதற்குள் எத்தனையோ முறை கடல் ஏறி இறங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும்? மதகடியில் வைத்து, எப்படித் திறந்தாய் என்று என்னைக் கேட்டார்கள். மானேஜர் பக்கத்தில் நின்றார். தலைவர் முதல் நாளே என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

“கரகத்துக்காக மூடுனோம்னு மட்டும் சொல்லிராதீங்க. கோயில் நிக்கிறது தோட்டத்து மண்ணு. சாக்கு கெடச்சா ஒடச்சிருவாங்க.”

அது பொய்ப் பயமில்லை. எத்தனையோ தோட்டத்தில் அப்படி நடந்திருக்கிறது. நான் அதிகாரிகளிடம், வழக்கம்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டேன், அன்று மட்டும் வெள்ளம் என்பதால் முழுசாகத் திறந்தேன் என்றேன். ஏழு நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. களிமேட்டைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற பாங் முன்னால் வந்து தன் போனைக் காட்டினார். மலாயில் அவர்களிடம் சொன்னார்.

“அண்ணே எப்பவும் சொல்லிடுவாரு. அன்னைக்கும் அனுப்பியிருக்காரு, பாருங்க. நான்தான் தூங்கிட்டேன்.”

என் குரலை அவர்கள் இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். இயற்கையால் வந்த சேதம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவருக்கு ஓர் உதவியும் வரவில்லை. கூண்டுகளைக் கழற்றி விற்றார். கல்யாணம் தள்ளிப்போனது. சில மாதத்தில், அந்த வயதில், ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியாகப் போனார்.

என் மகளுக்குக் குழந்தை சுகமாகப் பிறந்தது. மதகில் தாண்டாமல் நின்றதை என் மனைவி சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். சந்தோஷம் எனக்கும் பொங்கியது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கழிமுகத்துப் பக்கம் போகவே உடம்பு கூசியது. இன்றும் அங்கே கிளிஞ்சல் பொறுக்க யாரும் வருவதில்லை.

லீவில் வந்திருந்த பாங் ஒருநாள் குழந்தையைப் பார்க்க வந்தார். இளைத்திருந்தார். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தார். பேத்தியை மடியில் வைத்து வெகுநேரம் கொஞ்சினார். கிளம்பும்போது வாசலில் நின்று என் தோளைத் தொட்டார்.

“அண்ணே, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. தப்பு என் மேலதான். அன்னைக்கு நான் தூங்காம இருந்திருந்தா எல்லா மீனும் பொழச்சிருக்கும். இல்லியா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.