பங்காளியா, மச்சானா?

என் மகள் விரும்பிய பையன் கந்தர்வக்கோட்டைக்காரன். இரண்டு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்று தெரிந்ததும், "பங்காளிடா. அண்ணன் தங்கச்சி முறை ஆகுது. விட்ரு" என்று என் அண்ணன் பேச்சை முடித்துவிட்டார். எனக்கோ கால் தரிக்கவில்லை. காற்றடித்த முந்திரிக் கிளையாய் மனசு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட, வம்சாவளி தேடித் தருவதையே தொழிலாகச் செய்யும் ஓர் அம்மாவைத் திருச்சியிலிருந்து அமர்த்தினேன்.

"நல்லாத் தேடுங்க. எங்க பரம்பரை லேசுப்பட்டதில்ல" என்று அண்ணன் மீசையைத் தடவினார்.

ஊர் ஊராக விசாரித்துவிட்டு ஒருநாள் அந்த அம்மா வந்தார். "உங்க பூட்டன் அன்னவாசல்காரருங்க. இந்த ஊருக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவரு. நீங்க கும்பிடுறது பூட்டியோட பொறந்தவீட்டுச் சாமி. கந்தர்வக்கோட்டைக்காரங்க, இங்கேருந்து அங்க குடிபோன பூட்டியோட அண்ணன் வழி. கட்டிக்கிற முறைதான்."

அண்ணனின் முகம் வெயிலில் போட்ட வடகமாகச் சுருங்கியது. "வீட்டோட மாப்பிள்ளையா? வெளிய சொல்லிராதீங்க!"

"வெளிய சொன்னாத்தான் பெரியப்பா எனக்குக் கல்யாணம்" என்றாள் மகள்.

அண்ணன் போனை எடுத்துப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டார். குரலில் புதிதாக ஒரு கிண்டல் ஏறியிருந்தது.

"என்ன மச்சான், சாப்டாச்சா?"