ஒடிலியாவுக்கு ஒரு சோடிக் கண்மலர்

டோர்ட்மண்டில் காலை எட்டரைக்கு ரயில். கொலோனுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்றார்கள். பாதை வேலை என்று நடுவில் நிறுத்தியதில் இரண்டு மணித்தியாலம் ஆனது. பக்கத்தில் என் மனைவி பூமணி. அவளது கைப்பையில், லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு சோடி வெள்ளிக் கண்மலர். கண் வருத்தக்காரர் அம்மன் கோயிலில் நேர்ந்து வைப்பார்களே, கண் வடிவத் தகடு, அதுதான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கண்புரை ஒப்பரேஷன். முன்பு இரண்டு முறை டெர்மின் தந்து நாள் குறித்தும் பயத்தில் தள்ளிப்போட்டுவிட்டாள். கண்மலர் வைத்தால்தான் இம்முறை போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதுவும் அம்மன் கோயிலில் அல்ல. கண் டொக்டரின் காத்திருக்கும் அறையில் ஒரு நாட்காட்டிப் படம் தொங்கியது: ஒரு பெண்ணின் கையில் புத்தகம், புத்தகத்தின் மேல் இரண்டு கண்கள். ஆரோ கண்மலர் வைத்திருக்கினம் என்று பூமணி கையெடுத்துக் கும்பிட்டாள். அது ஒடிலியா என்ற புனிதை, படம் கொலோனில் இருக்கிறது என்று அங்கு வேலை செய்த பிள்ளை சொன்னாள். எங்கள் அம்மனிடமே வைப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கண்ணிலை கத்தி வைக்கப் போறது ஜெர்மன்காரன். அவன்ரை கையைப் பிடிக்க இந்த நாட்டுப் பொம்பிளைதான் வேணும்" என்றாள்.

கோயில் என்று நினைத்துப் போனால் அது மியூசியம். வயதானவர்களுக்கு ஆளுக்கு ஐந்து யூரோ. பொன் பூசிய பலகையில், பச்சைச் சட்டையோடு ஒடிலியா நின்றாள். பூமணி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்க் குனிந்தாள். உடனே மணி அலறியது. காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தார். கோபிக்கவில்லை. இது தேவாலயம் இல்லை, இங்கே ஒன்றும் வைக்க முடியாது என்றார்.

பூமணி சுவரோரம் கிடந்த நீள வாங்கில் குந்திவிட்டாள். "அப்ப நான் செவ்வாய்க்கிழமை போகேல்லை."

என் ஜெர்மன் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவும்போது பழகியது. சட்டி, அகப்பை எல்லாம் தெரியும். நேர்த்திக்கடனுக்குச் சொல் தெரியாது. படத்தைக் காட்டி, மனைவி இந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள், இவள் இங்கே வருமுன் எங்கே இருந்தவள் என்று கேட்டேன். காவல்காரப் பெண் சிரித்துவிட்டு, மேல்மாடியில் படங்களை ஆராய்ச்சி செய்யும் அம்மாவைக் கூப்பிட்டார்.

அந்த அம்மா சொன்னது இது. வரைந்தவருக்குப் பெயர் இல்லை. கொலோன் ஆள் என்று சிலர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஹொலண்டில் மாஸ் ஆற்றங்கரை ஆள் என்று சிலர். அதனால் பலகை எங்கள் தேவாலயத்தில்தான் இருந்தது என்று இரண்டு ஊரும் சொல்கின்றன. தான் கொலோன் கட்சி, தனக்குப் படிப்பித்தவர் மற்றக் கட்சி, இப்போது இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை என்றார்.

எனக்கு அந்த ஓவியர் மேல் இரக்கம் வந்தது. அகதியாக வந்த புதிதில் விசாரணையில் என்னையும் இப்படித்தான் குடைந்தார்கள். நீ யாழ்ப்பாணம்தான் என்றால் உங்கள் பள்ளிக்கூடம் குளத்துக்கு எந்தப் பக்கம் என்று, பள்ளிக்கூடம் போகாத என்னிடம் கேட்டார்கள். குளத்தில் மாடு குளிப்பாட்டிய கதையைச் சொன்னேன். எனக்காவது வாய் இருந்தது. அந்த மனிதர் பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் பூமணிக்குத் தமிழில் சொன்னேன். அவள் லேஞ்சியை அவிழ்த்தாள்.

"ஒண்டை இஞ்சத்தைத் தேவாலயத்திலை வைப்பம். மற்றதை அங்கை."

"சோடியைப் பிரிக்கலாமோ?"

"ரெண்டு ஊரும் கேக்குதாம். ஒரு ஊருக்கு மட்டும் குடுத்தால் மற்ற ஊர் கோவிக்கும்."

கொலோன் தேவாலயம் பத்து நிமிட நடை. மழை தூறியது. வாசற்படி தெரியாமல் தடுமாறியவளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மெழுகுதிரி கொளுத்தி, அதன் அடியில் ஒரு கண்ணை வைத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

ஐந்து மணி ரயிலில் ஏறி இருந்ததும், சனிக்கிழமையே ஹொலண்டுக்குப் போய் மற்றதையும் வைத்துவிடுவோம், செவ்வாய்க்கு முன் நேர்த்தி முடிந்துவிடும் என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "இண்டைக்கு உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சது காணும், போதும். அங்கை நான் முன்னுக்கு நடப்பன், நீங்கள் பின்னாலை வாங்கோ. செவ்வாய் முடியட்டும்."