எதிரே நிற்க ஒருத்தி

சுனாமி வந்துபோனதற்கு அடுத்த மாதம் முழுவதும் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. கல்கத்தா பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்று சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டிய மூட்டைகள் கிதர்பூர் துறைமுகத்திலிருந்து கப்பலில் அந்தமானுக்குப் போகும். அங்கே முகாம்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நானாகப் போய் நின்றேன். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த காலம். யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். அதைச் சேவை மனப்பான்மை என்று இன்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வீட்டில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். லீவு போட்டும், படிப்பைப் பாதியில் விட்டும் விமானம் ஏறி வந்திருந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, தீவுகளுக்குப் போக அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மொட்டைமாடியில் சீட்டாடினார்கள். சீட்டு அலுத்தால் ஏற்கெனவே பெருக்கிய இடத்தைத் திரும்பப் பெருக்கினார்கள். பொறுப்பாளராக இருந்த ஐரோப்பியப் பெண்ணுக்கு நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும். அவளைப் பார்த்தால் எனக்கும் இருப்புக் கொள்ளாது.

இதற்கு நடுவில் தெருக்காரர்கள் பழந்துணி கொண்டுவந்து குவித்தார்கள். வங்காளிக்கு ஜனவரி என்றால் நடுக்கம். ஆகவே தீவுக்காரர்களுக்கும் நடுங்கும் என்று முடிவுகட்டி, மூட்டை மூட்டையாகக் குரங்குக் குல்லாய்கள் வந்து இறங்கின. வேர்த்து ஊற்றும் அந்தமானுக்கு! மறுக்கவும் முடியாமல் அனுப்பவும் முடியாமல் மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்தோம்.

கப்பலேறக்கூடியவர்கள் மூன்றே பேர். டாக்குரியாவிலிருந்து வரும் இரண்டு வங்காளிப் பையன்கள், அப்புறம் நான். பையன்களின் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. என் வீட்டில்தான் அம்மா இருந்தாள்.

அப்பா தூத்துக்குடியிலிருந்து கல்கத்தா துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவர். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அம்மாவுக்கு அதே துறைமுக அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். பெஹாலா வீட்டிலிருந்து அப்பா ஏறிய அதே பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போவாள், சாயங்காலம் தலைவலியோடு வருவாள். நான் கப்பல் பேச்சை எடுத்ததுமே வெட்டினாள்.

"எந்திரிச்சு வந்த கடலு இன்னொரு மட்டம் வராதுன்னு எவட்டி உனக்குச் சொன்னா? எனக்குன்னு இருக்கது நீ ஒருத்தி. பேசாம கெட."

நான் பேசாமல் கிடக்கிற ரகம் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் அதிகம் சத்தம் போட்டன.

அம்மா மேல் எனக்கு வேறொரு பழைய கோபமும் இருந்தது. அப்பா போனதிலிருந்து, நான் ஒரு பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ கிளம்பினால் அவள் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். மாடியில் குடியிருக்கும் வங்காளிச் சித்தியை, நான் காக்கிமா என்று கூப்பிடுகிறவளை, குரல் கொடுத்துக் கூப்பிடுவாள். காக்கிமா உச்சி வகிட்டில் பளிச்சென்று சிந்தூரமும் கையில் தண்ணீர்ச் செம்புமாக வாசலுக்கு எதிரே வந்து நின்று சிரிப்பாள். நல்ல மனுஷி, அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவள் ஒளிந்துகொள்ள, மாடிவீட்டுக்காரி முகத்தில் விழித்து நான் என்ன ஜெயித்துவிட முடியும்? ஒரு தடவை கத்தியும் பார்த்தேன். அடுத்த தடவையும் அடுப்படிக்குள்தான் போனாள்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை. லேக் பகுதியில் குடியிருக்கும் தமிழ் மாமிகள் புதுப் புடவைகள் திரட்டிக்கொண்டு வந்து உதவிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்ப மூட்டைக்கும் ஒரு புடவை. "வெறும் புடவை குடுக்கப்படாது" என்று மாமிகள் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே புடவை மடிப்புக்குள் ஒரு மஞ்சள், ஒரு பொட்டலம் குங்குமம், கண்ணாடி வளையல். ஐரோப்பியப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். சோப்பும் வாளியும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், இதுதான் மரியாதை என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி மூட்டைகளைத் தைத்து முடித்துவிட்டோம்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். சனிக்கிழமை அரைநாள் அலுவலகம். கைப்பையோடு நேரே வந்திருந்தாள். "என் மக வரமாட்டான்னு அந்த வெள்ளக்காரிகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன்" என்று என் காதில் சொன்னாள். எனக்குக் காது சிவந்துவிட்டது. ஐரோப்பியப் பெண் ஓடிவந்து நாற்காலி போட்டு, டீயும் கொடுத்தாள். டீயைக் குடித்துவிட்டுச் சண்டை போடலாம் என்று அம்மா உட்கார்ந்தாள் போல.

ஒரு மாமி மீந்த குங்குமத்தைத் தட்டில் கொட்டினாள். "இத்தனை நல்ல காரியம் பண்ணியிருக்கோம், எல்லாரும் இட்டுக்கோங்கோ" என்று வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தாள். நான் இட்டுக்கொண்டேன். ஐரோப்பியப் பெண் குனிந்து நெற்றியைக் காட்டினாள். அடுத்து அம்மா. தட்டு அம்மாவிடம் நிற்காமல் அப்படியே நகர்ந்து பக்கத்து மாமியிடம் போயிற்று. மாமி வேண்டுமென்று செய்யவில்லை, கைப் பழக்கம். அம்மாவுக்கும் பழக்கம்தான். தட்டு வருவதற்கு முன்பே கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்திருந்தாள். அதில் தேடுவதற்கு ஒன்றும் கிடையாது.

"உன் அம்மாவுக்கு ஏன் வைக்கவில்லை?" என்று ஐரோப்பியப் பெண் கேட்டாள்.

நான் இங்கிலீஷில் விளக்கினேன். புருஷன் இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை, பார்த்தால் அவர்களுக்கும் வேதனை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். ஐரோப்பியப் பெண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன். புருஷனை அலை வாரிக்கொண்டு போன வீடுகளுக்கும், ஒவ்வொரு மூட்டையிலும் குங்குமமும் வளையலும் வைத்து அனுப்பப் போகிறோம்!

கத்தரிக்கோலை எடுத்து முதல் மூட்டையின் தையலை வெட்டினேன். "கட்டினதைப் பிரிக்கப்படாதுடி" என்றாள் ஒரு மாமி. "நீங்க சும்மா இருங்க மாமி" என்று கத்தினேன். அந்த வயதில் எனக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. வங்காளிப் பையன்களில் ஒருவன் தலையை நீட்டி, "தீதி, லாரி வர்ற நேரம்" என்றான். நான் நிறுத்தவில்லை. பொட்டலங்களை எடுத்து எடுத்துத் தரையில் வீசினேன். குங்குமம் சிமெண்டில் சிதறியது.

அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன செய்யுத?"

"எடுத்துப் போடுறேன். ஒருத்திக்கும் வேண்டாம்."

"ஒருத்திக்கும் வேண்டாம்னு நீ எப்படிட்டி சொல்லுவ? புருஷன் பொழச்சுக் கெடக்கவ இருப்பா. கெடச்சானா இல்லையான்னே தெரியாம வாசலப் பாத்து உக்காந்திருக்கவ இருப்பா. அவளுக்கும் வெறும் சீலையக் குடுத்தா, ஓம் புருஷன் செத்துட்டான்னு நீ சொன்னதா ஆவாதா?"

"வச்சாலும் தப்பு, எடுத்தாலும் தப்புன்னா நான் என்னதான் செய்ய?" எனக்கு அழுகை முட்டியது.

"இது பொதியில வச்சுத் தைக்கிற சாமான் இல்லட்டி. ஒவ்வொருத்திகிட்டயும் போய், வேணுமா ஆத்தான்னு அவ பாசையில கேட்டு, வேணுங்கவளுக்குக் கையில குடுக்கணும்."

அவள் பாஷையில் கேட்பதற்கு அந்தக் கப்பலில் யார் போகமுடியும் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள். என் மணிக்கட்டை விட்டாள். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அடுத்த மூட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மாமிகளும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். தட்டு நீட்டிய மாமி அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தாள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். லாரிக்காரனுக்கு டீக்கு மேல் டீ வாங்கிக் கொடுத்து வங்காளிப் பையன்கள் நிறுத்தி வைத்தார்கள். குங்குமம், மஞ்சள், வளையல் எல்லாம் ஒரு தனித் துணிப்பையில் போயின. ஐரோப்பியப் பெண் அதன் வாயைக் கட்டி என் மடியில் வைத்தாள். அவளுக்கு அனுமதி கடைசிவரை கிடைக்கவே இல்லை.

அம்மா அவளிடம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. என்னிடமும் போ என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பெட்டியில் துணி அடுக்கினாள், நான் அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

கிளம்பும் காலையில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். வழக்கம்போல மாடிப்படியில் காக்கிமாவின் வளையல் சத்தம். செம்போடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல அம்மா அடுப்படிக்குள் இருந்தாள். எனக்கு அந்தப் பழைய கோபம் வந்தது. அதை முழுங்கிக்கொண்டு, பரவாயில்லை, விட்டாளே அதுவே பெரிது என்று செருப்பை மாட்டினேன்.

அடுப்படிக் கதவு திறந்தது. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். "தாக் தீதி, ஆஜ் ஆமி" என்று காக்கிமாவிடம் தன் அரைகுறை வங்காள மொழியில் சொன்னாள். இருக்கட்டும் அக்கா, இன்றைக்கு நான். காக்கிமா படியிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா கேட் வரைக்கும் நடந்தாள். அங்கே திரும்பி, வெறும் நெற்றியோடு எனக்கு நேர் எதிரே நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் வாசற்படியைத் தாண்டாமல் அவளையே பார்த்தேன்.

"மசமசன்னு நிக்காதட்டி, கப்பல் போயிரும்" என்றாள். "என்னப் பாத்து நடந்து வா."