சீட்ஸ்கேயின் சொந்த வண்டி

கணவன் ஹெஸ்ஸல் வீட்டை விட்டுப் போனபோது சீட்ஸ்கே அழவில்லை. பேசித்தான் பிரிந்தார்கள், சட்டிபானை எறியாமல். அழுகை வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். நெதர்லாந்தின் ட்ராக்டன் ஊர் விளையாட்டு அரங்குக்குள் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். ரிமோட் கார் கிளப் தலைவர் டௌவே, எழுபது வயசுப் பெருசு, கையில் மைக் இருப்பதையே மறந்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இனிமே உனக்கு யாரு வண்டி செட் பண்ணித் தருவா?"

அரங்கமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதனால்தான் அது அவளைச் சுட்டது.

"என் கைக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

டௌவே கேட்டதில் பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். குளிர்காலம் முழுக்க அந்த அரங்கில் சாம்பல் நிறக் கம்பளத்தை விரித்து, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ரிமோட் கார்களை ஓட்டும் கூட்டம் அது. இருபது வருடமாக சீட்ஸ்கே ஓட்டுவாள், ஹெஸ்ஸல் அவள் வண்டியையும் தன் வண்டியையும் பூட்டித் திருகித் தயார் செய்வான். அவள் நன்றாக ஓட்டினால் வண்டியைப் புகழ்வார்கள், மோசமாக ஓட்டினால் அவளுக்குத் திட்டு விழும். எந்த ஊர் நியாயம் இது?

ஆகவே அவள் ஒரு முடிவு எடுத்தாள். பழைய வண்டியை ஹெஸ்ஸலிடமே கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை உதிரியாக வாங்கினாள். முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை தானே பூட்டி, அந்த வண்டியோடு ஒரு நாள் முதல் பத்துப் பேருக்குள் வந்து, பெரிய இறுதிப் பந்தயத்தில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் அது யார் வண்டி என்று எவனும் வாயைத் திறக்க முடியாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீரின் குளோரின் அளவைப் பார்ப்பது அவள் வேலை. அளந்து கலந்து பழகிய கை. இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் ஊற்றுவது, குமிழி அடங்கும்வரை காத்திருப்பது, பல்சக்கரங்கள் இறுகாமலும் ஆடாமலும் உட்கார மெல்லிய வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது எல்லாம் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டன. சமையலறை மேசையில்தான் முழு வேலையும். ஒரு முறை வெண்ணெய் டப்பாவுக்குள் ஸ்பிரிங் கிடந்தது.

வண்டி ஓடியது. ஆனால் ஒரு சனியன் அதில் குடியிருந்தது. இடது வளைவில் தங்கமாகத் திரும்பும். வலது வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும். ஸ்பிரிங்கை மாற்றினாள். எண்ணெயை மாற்றினாள். டயரை மாற்றினாள். சக்கரச் சாய்வை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருகித் திருகிக் கண் பூத்துப்போனது. ஹெஸ்ஸலிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பான். அவன் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். கேட்பதற்கு அவள் நாக்கு எழவில்லை. பனிக்காலம் பாதி அப்படியே போனது.

விடை சமையலறையிலேயே இருந்தது. மேசையைத் துடைத்த நாள் அதன் பலகை நடுவில் லேசாகக் குழிந்திருப்பது கையில் தட்டுப்பட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடித் தட்டை உருவி, வண்டியை அதன்மேல் வைத்து, முன்பக்கத்தின் நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினாள். இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக எழும்ப வேண்டும். இடது சக்கரம் முதலில் எழுந்தது. வலது இன்னும் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

குழிந்த மேசையில் வைத்து, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் மேல்தகட்டைத் திருகிப் பூட்டியதால் வண்டியின் முதுகெலும்பே முறுகிப் போயிருந்தது. முறுகிய உடம்புக்கு அவள் இத்தனை வாரமாகச் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்! "அடி முட்டாளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மேல்தகட்டின் திருகுகளையெல்லாம் தளர்த்தி, வண்டியைக் கண்ணாடிமேல் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். மறுபடி கத்தி முனை. இரண்டு சக்கரமும் சேர்ந்து எழுந்தன. தனியாக நின்று கைதட்டினாள்.

பருவத்தின் கடைசி ஞாயிறு. தகுதிச் சுற்றில் குழு குழுவாக ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். மூன்றில் சிறந்தது கணக்கில் வரும். சீட்ஸ்கேயின் மூன்றாவது ஓட்டம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் போனது. திரையில் பெயர்கள் வரிசை மாறின. பத்தாவது: சீட்ஸ்கே.

இன்னும் ஒரே ஒரு குழுதான் ஓட வேண்டியிருந்தது. அதில் அவளை முந்தக்கூடியவன் ஒருவன்தான், ஹெஸ்ஸல். அவனுக்கு அன்று நேரம் சரியில்லை. முதல் ஓட்டத்தில் பேட்டரிக் கம்பி பிய்ந்தது. இரண்டாவதில் யாரோ இடித்து ஒதுக்கிவிட்டார்கள். அவனுக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்தவர்கள் உடனே மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு வளைவுகளில் போய் நிற்க வேண்டும். அடுத்த குழுவின் வண்டி கவிழ்ந்தால் தூக்கி நிறுத்த வேண்டும். நிற்காமல் காபி குடிக்கப் போனால் ஓடிய ஓட்டமே ரத்து. ஆக, தன் இடத்தைப் பறிக்க வருகிறவன் வண்டிக்குத் தானே காவல் நிற்கப் போனாள் சீட்ஸ்கே. நீண்ட நேர்த்தடம் முடிகிற வளைவு அவளுக்கு வந்தது.

ஹெஸ்ஸல் நன்றாகத்தான் ஓட்டினான். பாதி ஓட்டத்தில் வளைவின் விளிம்பை உரசி, அந்தரத்தில் புரண்டு, அவள் காலடியில் மல்லாக்க விழுந்தது அவன் வண்டி. எடுத்தாள். முன்சக்கரம் தொங்கியது, ஸ்டியரிங் தண்டு மூட்டிலிருந்து கழன்றிருந்தது.

நிமிர்த்தி வைப்பதுதான் அவள் கடமை. பழுது பார்ப்பது இல்லை. கழன்ற வண்டியைத் தடத்துக்கு வெளியே வைத்துவிட்டுக் கையை உயர்த்தினால் ஒரு பயலும் குறை சொல்லமாட்டான். விட்டுவிடு என்று மனசு சொன்னது. சத்தமாகவே சொன்னது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. இப்படி வருகிற பத்தாவது இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதை என் வண்டி என்று எந்த முகத்தோடு சொல்வது? கட்டைவிரலால் தண்டை அழுத்தினாள். டக். வண்டியைத் தடத்தில் வைத்தாள்.

ஐந்து நிமிடம் முடிந்தது. ஹெஸ்ஸல் பத்தாவது. சீட்ஸ்கே பதினொன்றாவது. இடையில் இருந்தது ஒரு நொடிகூட இல்லை.

அவள் மஞ்சள் சட்டையைக் கழற்றினாள். ஹெஸ்ஸல் நேரே அவளிடம் வந்தான்.

"நீ அத மாட்டாமலே விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்."

"உன் எடத்துல நானா இருந்தா விட்டிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும். உன்னோட இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கேனே."

அவன் தரையைப் பார்த்தான். "நான் விலகிக்கறேன் சீட்ஸ்கே. பெருசுகிட்ட சொல்லிடறேன். பத்தாவதா நீ போய் நில்லு."

"வாயை மூடு." அவள் குரல் உடைந்தது. "நீ விட்டுக்குடுத்து நான் நின்னா, மறுபடியும் அது உன் வண்டிதான்டா. இதுக்கா நான் இத்தன நாள் சமையல்கட்டுல செத்தேன்? போ. போய் ஓட்டு. கடைசியா மட்டும் வந்தே, நான் தூக்கி வச்சது தெண்டம்."

அடுத்த பத்துப் பேருக்கான சின்ன இறுதிப் பந்தயம் முதலில். அதில் முன்னணியில் புறப்பட்டாள் சீட்ஸ்கே. இப்போது வளைவுகளில் நிற்கும் முறை பெரிய இறுதிக்காரர்களுக்கு. நேர்த்தடம் முடியும் இடத்தில் ஹெஸ்ஸல் நின்றான். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையிலிருந்து ஓட்டியவளுக்கு அவன் கண்ணில் படவே இல்லை. வண்டிதான் தெரிந்தது. கடைசிச் சுற்றில் கண்ணில் வியர்வை வழிந்து ஒரு வளைவை அகலமாக எடுத்துவிட்டாள். பின்னால் வந்தவன் உள்ளே புகுந்துவிட்டான். இரண்டாவது. அவள் தப்புதான், வண்டியின் தப்பு இல்லை. அதை நினைக்க அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

வண்டிகளைப் பிரித்து மேயும் நீள மேசைகளுக்குத் திரும்பினாள். டௌவே அங்கே பொரித்த க்ரொக்கெட் பலகாரம் வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்தார்கள். ஹெஸ்ஸல் மஞ்சள் சட்டையோடே வேகமாக வந்தான். பெரிய இறுதிக்குக் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவள் மேசைமேல் குனிந்து, வண்டியின் மூடியைத் தூக்கி, மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்தான்.

"ஏய், பின்பக்கம் எப்படி இப்படி ஒட்டிக்கிட்டுப் போவுது? பக்கத்துல நின்னு பாத்தேன், அசையவே இல்ல. டிஃபரன்ஷியல்ல என்ன எண்ணெய் ஊத்தின? இந்தச் சாய்வு எவ்வளவு?" கேள்விமேல் கேள்வி. சுற்றி யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. "சொல்லேன், எனக்கு இப்போ வேணும்."

டௌவே கடிப்பதை நிறுத்தினார். அவர் ஹெஸ்ஸலைப் பார்த்தார், சீட்ஸ்கேயைப் பார்த்தார், பிறகு தன் நாற்காலியை வண்டிக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் சொல்லும்மா," என்றார்.

பெரிய இறுதிக்கு வளைவில் நிற்கும் முறை இப்போது சீட்ஸ்கேயுடையது. மஞ்சள் சட்டைக்காகக் கையை நீட்டினாள். ஹெஸ்ஸல் கழற்றிக் கொடுத்தான்.

"முதல்ல உன் பந்தயத்த ஓட்டி முடி," என்றாள். "அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."