கோட்டையில் நான் சொன்ன ஓம்

கோட்டை என்றால் எனக்கு முதலில் மீன் றோல்ஸ் மணம்தான் வரும். பாரிசில் மாமா வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் விடியவே ஏறினோம். மாமி பொரித்த றோல்ஸ் பெட்டி என் மடியில் சுட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. நேர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தை டென்மார்க்கில், சில்க்போர்க்கில் இருக்கும் எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"லீவுதானே, பிள்ளையள் பிரெஞ்சுக் கோட்டையளைப் பாக்கட்டும்" என்று அப்பா சொல்லியிருந்தார். வானில் முன்பின் தெரியாத ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். "மாமாவுக்குத் தெரிஞ்ச ஆக்கள்" என்றாள் அம்மா.

முதல் கோட்டை ஆற்றுக்கு மேலே பாலம் போல நின்றது. உள்ளே போகவில்லை. "உள்ளுக்குப் பழைய கட்டில்தான் கிடக்கு. வெளியில நிண்டு படம் எடுத்தாத்தான் ஊரில நம்புவினம்" என்றார் மாமா. எல்லாப் படத்திலும் அக்காவை அந்த மகனுக்குக் கிட்ட நிற்கவைத்தார்கள்.

இரண்டாவது கோட்டைக்குள் போனோம். நடுவில் இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போயின. ஒன்றில் ஏறுகிறவர் மற்றதில் ஏறுகிறவரைச் சாளரத்தால் பார்க்கலாம், சந்திக்க முடியாது. நானும் அக்காவும் ஒன்றில் ஏற, அந்த மகன் மற்றதில் ஏறினான். ஒவ்வொரு சாளரத்திலும் அவன் முகம்.

அக்கா நின்றாள். பெரியவர்களுக்கு விளங்கக் கூடாதென்றால் நாங்கள் இருவரும் டெனிஷில்தான் கதைப்போம். "இது பொம்பிளை பாக்க வந்த பயணம். எனக்கு வேண்டாம். நான் சொன்னா அப்பா ஆக்களுக்கு முன்னால கத்துவார். நீ ஓடிப்போய் அம்மாட்டச் சொல்லு" என்றாள்.

ஓடினேன். கீழே, அந்த மகனின் தாய் என் கையைப் பிடித்து மறித்தாள்.

"அக்கா என்ன சொன்னவா? என்ர மகனைப் பிடிச்சிருக்கோ? அவ இங்க வந்தா நீங்களும் ஒவ்வொரு லீவுக்கும் வரலாம். கோட்டை கோட்டையாக் காட்டுவம்."

"ஓம்" என்று தலையாட்டிச் சொன்னேன்.

அவ்வளவுதான். "சின்னவள் சொல்லிப்போட்டாள், பிள்ளைக்கு விருப்பமாம்!" என்று அவள் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இறங்கி வந்தபோது மாமா அப்பாவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அக்காவை ஒருவரும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாள். அடுத்த வருடம் கலியாணம்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. இப்போது சில்க்போர்க்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அக்கா பாரிசுக்கு வெளியே இருக்கிறாள், ஆட்கள் வேலை முடிந்து போனபிறகு கந்தோர்கள் துப்புரவாக்குகிறாள். அத்தான் கெட்டவரில்லை. நல்லவரென்றும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு கோட்டையும் யாரும் எனக்குக் காட்டவில்லை.

போன கோடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கக் கூடாதென்று டெனிஷில் சொன்னேன், அன்றைக்குக் கோட்டையில் நான் பொய் சொன்னேன் என்று.

அக்கா நிமிர்ந்தாள். "என்னடி சொல்லுறாய்? எனக்கு டெனிஷ் எல்லாம் மறந்துபோச்சு. தமிழில சொல்லு."

தமிழில் சொன்னால் பக்கத்து அறைக்குக் கேட்கும். நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.