ஐந்து என்டர்

பார்சல் கம்பெனியில் அவருக்கு 'எஃப் எட்டு' என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். நாள் முழுக்க விலாசம் தட்டுகிற வேலை. ஒவ்வொரு விலாசத்துக்கும் கம்ப்யூட்டர் ஐந்து தடவை 'சரியா?' என்று கேட்கும். ஐந்து தடவை என்டர் தட்ட வேண்டும். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போன பிறகு, கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கிற எஃப் எட்டைத் தொட்டாலே ஐந்து என்டரும் தானாக விழும்படி ஒரு சின்னப் புரோகிராம் போட்டுக்கொண்டார். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடு.

"சம்மதம் சொல்றதுல இவரை மிஞ்ச ஆளில்ல. பொண்ணு பார்க்கப் போனப்பதான் இந்தக் கீ வேலை செய்யல போல" என்று பக்கத்து மேஜைக்காரர் சீண்டுவார்.

"அங்க என்டர் தட்ட வேண்டியது எதிர்ப் பக்கம்யா" என்பார் இவர்.

கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் நின்றே போனது. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் கப்பல் வேலைக்குப் போய், போன இடத்திலேயே குடும்பஸ்தனாகிவிட்டார். தங்கை, பதினோரு மாதப் பெண் குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். குழந்தையைத் தங்கையின் நாத்தனார் தூரத்து ஊருக்கு எடுத்துப்போய் வளர்த்தாள். இப்போது அந்த மருமகள்தான் ஞாயிறு காலையில் போன் பண்ணுகிற ஒரே ஜீவன். மற்ற நாளில் அந்த ஒற்றை அறையில் பேசுவது தண்ணீர்க் குழாய் மட்டும்.

ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்: "மாமா, அம்மா போனப்ப இருந்த வயசு எனக்கும் ஆயிடுச்சு. போட்டோ ஒம்பது இருக்கு. குரல் எப்படி இருக்கும்?"

"நல்லாயிருக்கும்மா" என்றார். போனை வைத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தார். தங்கையின் நடை வந்தது, கோபம் வந்தது, குரல் வரவில்லை.

தங்கை ஒரே ஒரு ரேடியோ நாடகத்தில் பேசியிருந்தாள். நிலையத்தில் விசாரித்தார். பழைய டேப்பெல்லாம் போய்விட்டது என்று கை விரித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு மென்பொருள் இருக்கிறது என்று. அதற்கான இணையப் பக்கத்தில் தேடினால், அந்த நாடகத்தை முகம் தெரியாத யாரோ ஒருவர் மட்டும் வைத்திருந்தார்.

கை பரபரத்தது. கண்ணில் பட்ட பெரிய பச்சைப் பட்டனை அழுத்தி மென்பொருளை இறக்கினார். திரை ஏதோ கேட்டது. இருபது வருஷப் பழக்கம், விரல் தானாக எஃப் எட்டுக்குப் போனது. கண் இமைப்பதற்குள் ஐந்து பக்கம் ஓடிவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

நாடகம் இறங்கத் தொடங்கியது. கூடவே விளம்பரமும் இறங்கியது. மூலைக்கு மூலை தொப்பை கரைக்கும் மாத்திரை, லாட்டரிப் பரிசு. ஒன்றை மூடினால் மூன்று முளைக்கும். எழுபது சதவீதத்தில் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பெண் சனிக்கிழமை மதியம் அவர் அறைக்கு வந்து பார்த்தாள். "என்ன சார், வர்றவன் போறவன் எல்லாரையும் வீட்டுக்குள்ள விட்டு வச்சிருக்கீங்க? மொத்தமா துடைச்சுட்டுப் புதுசா போடணும்."

"துடைச்சா அவளும் போயிடுவாளேம்மா."

"யாரு?"

சொன்னார். அவள் கேலியை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இறங்கின வரைக்குமான நாடகத்தைப் பென் டிரைவில் ஏற்றி, சோதித்து, தனியே வைத்தாள். எல்லாவற்றையும் துடைத்தாள். விளம்பரம் ஒட்டாத வேறொரு மென்பொருளை, அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கினாள்.

"இப்ப நீங்களே போடுங்க. எஃப் எட்டைத் தொட்டா கையிலயே போடுவேன். ஒவ்வொரு பக்கமும் படிச்சு, வேண்டாத டிக்கை எடுத்துட்டு, அப்புறம் என்டர்."

மரத்த விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். பென் டிரைவிலிருந்து திரும்ப ஏற்றின பழைய எழுபதை மென்பொருள் அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் கொடுக்கிற ஆளைக் காணோம்; அவர் தன் கம்ப்யூட்டரை இணைப்பில் வைத்தால்தான் மிச்சம் இறங்கும்.

இரண்டு வாரம் வேலை விட்டதும் நேரே வந்து திரை முன் உட்கார்ந்தார். எழுபது எழுபதாகவே இருந்தது. அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லையோ, வீடு மாறிவிட்டாரோ என்று சொந்தக்காரனுக்குக் கவலைப்படுகிற மாதிரி கவலைப்பட்டார். பதினைந்தாம் நாள் ஞாயிறு, பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் எழுபத்தொன்று! அசையாமல் உட்கார்ந்தார். நூறு ஆனதும் நன்றி சொல்ல எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். முடிப்பதற்குள் அந்த ஆள் போய்விட்டார்.

போன் வந்தது. நாடகத்தை ஓடவிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்தார்.

"யாருங்க அது? கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்றாள் தங்கை. நாடகத்தில் அவள் பேசினது அவ்வளவுதான்.

மருமகள்தான் முதலில் கேட்டாள்: "என்ன மாமா, குரல் கம்மியிருக்கு?"

"அன்னைக்கு அவளுக்குச் சளி. வேண்டாம்னு சொன்னேன், கேட்டாளா?"

"எனக்குச் சளி பிடிச்சா இப்படித்தான் இருக்கும்" என்று மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அப்புறம் அவளுக்கும் அதை அனுப்பிவைத்தார்.

இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரில் எஃப் எட்டுக்கு வேறு வேலை: அந்த ஒரு வசனத்தைப் போடுவது. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் தட்டுகிறார்.